பதினெட்டுப் பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்துவிட்டுப் போன நோட்டை மூன்று நாள் வைத்திருந்து படித்தேன். அடுத்த புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் யார் யாரை எடுக்கும் என்று பதினெட்டுப் பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு விலையும் போட்டிருக்கிறாய். பதினெட்டில் ஏழு பேர் தமிழ்ப் பையன்கள். அந்த ஏழில் மூன்று பேர் நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம். அந்த இடத்துக்கு வந்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டுக் காபி சாப்பிடப் போய்விட்டேன். கோபமில்லை, தம்பி. 2017இல் நான் எழுதிய பட்டியலும் அப்படியேதான் இருந்தது.

அந்த வருஷம்தான் தலைவாஸ் புதிதாக வந்தது. எட்டு அணி பன்னிரண்டு அணியானது. சச்சின் டெண்டுல்கர் பெயரும் கூடவே வந்ததால் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கபடியில் நம்மூருக்கென்று ஓர் அணி, அதனால் நம்மூர்ப் பையன்களைத்தான் எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். செல்வமணி உறுதி, ஜீவா குமார் உறுதி, கல்லணைப் பக்கத்துத் திருச்சன்னம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன் ரொம்ப ரொம்ப உறுதி. மே மாதம் ஏலம் நடந்தது. செல்வமணியை 73 லட்சத்துக்கு ஜெய்ப்பூர் கொண்டுபோனது. ஜீவா குமார் 52 லட்சத்துக்கு உத்தரப் பிரதேச அணிக்குப் போனார். சேரலாதன் புனேக்கு. தலைவாஸ் 63 லட்சம் கொடுத்து எடுத்தது ஹரியானாக்காரரான அமித் ஹூடாவை. பெயரில் தமிழ் இருந்தது, பணப்பைக்கு ஊர் கிடையாது. எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

ஆகவே முதல் வேலையாக நோட்டை இரண்டாக்கு. ஒன்று, அவர்கள் யாரை எடுப்பார்கள் என்பது. இன்னொன்று, யாரை எடுத்திருக்க வேண்டும் என்பது. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதினால் ஆசை வந்து கணக்கின் கையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது நோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓர் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே புது ஆட்டக்காரர்களை ஏலம் விடுவதில்லை. வரிசையாகக் கூப்பிட்டு எடுக்கிறார்கள். 32 அணி, ஏழு சுற்று, போன வருஷம் கடைசியாக வந்தவனுக்கு முதல் வாய்ப்பு. யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதே அங்கே ஒரு தனித் தொழில். நம் நாட்டிலும் 2017 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் அப்படித்தான் எடுத்தார்கள். முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் 1.10 கோடிக்கு எடுத்தது; விலை முன்பே எழுதி ஒட்டியிருந்தது. அந்த முறையில் உனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கபடி ஏலத்தில் அந்த வசதி இல்லை. பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு பணப்பை, எல்லோரும் ஒரே பெயருக்குக் கை தூக்கலாம். போதாக்குறைக்கு, ஏலம் முடிந்து சுத்தியல் தட்டப் போகிற நேரத்தில் பழைய அணி அட்டையைத் தூக்கி, கடைசி விலைக்கே ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறார்கள். நீ தலைவாஸ் மேஜையை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறாய். மற்ற பதினொரு பேரும் சும்மாவா உட்கார்ந்திருப்பார்கள்?

குறுவைக்கு நாற்று விடுகிறவன் வானத்தைப் பார்ப்பதில்லை, மேட்டூர் மட்டத்தைக் கேட்கிறான். உனக்கு மேட்டூர் மட்டம் எதுவென்றால், தக்கவைத்தவர்களுக்குப் போக ஒவ்வொரு அணியிடமும் மிச்சமிருக்கிற பணம். அண்மை ஏலங்களில் ஓர் அணிக்கு மொத்தம் ஐந்து கோடி. ஏ பிரிவுக்காரருக்கு அடிப்படை விலை 30 லட்சம், பி 20, சி 13, டி 9. குறைந்தது 18 பேர் வேண்டும், 25க்கு மேல் கூடாது. உன் நோட்டில் முதல் ஆறு பெயரின் விலையைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்தரைக் கோடி வருகிறது. மீதிப் பன்னிரண்டு பேரும் தர்மத்துக்கு ஆடுவார்களா?

பணத்தைப் பார்த்த பிறகு ஓட்டையைப் பார். 2022 ஏலத்துக்கு முன் தலைவாஸுக்கு சாகர், சாஹில் என்று இரண்டு கார்னரும் கையில் இருந்தார்கள். பிடிக்க ஆள் இருந்தது, பாடிப் போய்ப் புள்ளி கொண்டுவரத்தான் பெரிய ஆள் இல்லை. அதனால் பவன் ஷெராவத்துக்குப் போவார்கள் என்பதை அந்த வருஷம் நான் சரியாகவே எழுதினேன். விலையில்தான் கவிழ்ந்தேன். 2.26 கோடி! அன்றைக்கு ஓர் அணிக்கு மொத்தமே 4.4 கோடிதான், ஒரு ஆளுக்குப் பாதிக்கும் மேல். மற்றது உனக்கே தெரியும். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, அந்த சீசனே போயிற்று. ஏல மேடையில் யாரும் பெயர் சொல்லிக் கூவாத நரேந்தர், புது இளைஞர் திட்டத்தில் வந்த பையன், 243 ரெய்டு புள்ளி எடுத்துக் கொடுத்தான். தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. எந்தப் பட்டியலிலும் நரேந்தர் பெயர் இல்லை, என்னுடையதிலும்தான். நாம் எழுதுவது ஏலத்தை மட்டும். அணி பாதி வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது என்பதை அந்த வருஷம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இன்னொன்று இருக்கிறது, நான் அதிகம் நம்புவதும் அதைத்தான். உன் நோட்டில் எங்கேயும் பயிற்சியாளர் பெயரே இல்லை. மேஜையில் முதலாளி உட்கார்ந்திருப்பார், கணக்குப் பார்க்கிறவர் உட்கார்ந்திருப்பார், மடிக்கணினி வைத்த பையன் ஒருவன் இருப்பான். ஆனால் கை எழும்பு முன் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது ஒருவரை. 2025 ஏலத்தை எடுத்துக்கொள். மே 31, ஜூன் 1, மும்பை. அர்ஜுன் தேஷ்வாலைத் தலைவாஸ் 1.405 கோடிக்கு எடுத்தபோது நம் ஆட்கள் நிறையப் பேர் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அப்போது தலைவாஸுக்குப் புதுப் பயிற்சியாளர் சஞ்சீவ் பாலியான். 2022இல் ஜெய்ப்பூர் கோப்பை வாங்கியபோது அதன் பயிற்சியாளர் அவர்தான். அந்த சீசனில் எல்லா அணிகளையும் சேர்த்து அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர் அதே ஜெய்ப்பூரின் அர்ஜுன். ஒரு பயிற்சியாளருக்குத் தன் பழைய பையனின் முழங்கால் எப்போது வலிக்கும், எந்தத் திட்டு உறைக்கும், எந்தத் திட்டு உறைக்காது என்பதெல்லாம் தெரியும். தெரியாத பெரிய பெயரைவிடத் தெரிந்த ஆள் அவருக்கு மலிவு. புது மண்டபத்தில் கச்சேரி என்றாலும் நாயனக்காரர் தன் தவில்காரரைத்தானே கூட்டிக்கொண்டு போகிறார்?

ஆக, ஏலத் தேதி அறிவித்ததும் ஆட்டக்காரர் பட்டியலைத் தேடாதே. பன்னிரண்டு பயிற்சியாளர்களையும் எழுதி, ஒவ்வொருவரும் இதற்கு முன் எங்கே இருந்தார், அங்கே யாரை வளர்த்தார் என்று கோடு போட்டு இணை. ரயில்வே, சர்வீசஸ் பக்கத்துப் பழக்கங்களையும் சேர்த்துக்கொள். ஒரு ராத்திரி வேலை. உன் பதினெட்டில் நாலைந்து பெயர் தானாக மாறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் தப்பு வரும். அதே 2025 ஏலத்தில் பவனைத் தலைவாஸ் திரும்ப எடுத்தது, 59.5 லட்சத்துக்கு. 2.26 கோடிக்கு வந்து, அடுத்த ஏலத்தில் 2.605 கோடிக்கு ஹைதராபாத் போன அதே பவன்தான். (அந்த விலை கொடுத்த தெலுங்கு டைட்டன்ஸ் அந்த சீசனில் கடைசி இடம் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்.) அந்த 59.5ஐ யார் முன்கூட்டி எழுதினார்கள் என்று காட்டு, அவர் வீட்டுக்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். லீக் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அவர் அணியை விட்டும் போய்விட்டார். அது வேறு கதை. அதே ஏலத்தில்தான் பர்தீப் நர்வால் பெயரைக் கூப்பிட்டார்கள். புரோ கபடியில் அவரைவிட அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர் கிடையாது, 1,801. 2021இல் 1.65 கோடிக்குப் போனவர். ஒரு கையும் எழவில்லை. அதோடு ஓய்வையும் அறிவித்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய பெயருக்கு நேரே விலை எழுதும்போது இனிமேல் இரண்டு எழுது, மேல்விலை ஒன்று, கீழ்விலை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவு உனக்குத் தெரியாது என்று அர்த்தம். அதை மறைக்காமல் எழுதுகிறவனைத்தான் நான் நம்புவேன்.

வயதை வைத்து ஆளைத் தள்ளியிருக்கிறாய், முப்பதைத் தாண்டிய ஒருவர்கூட உன் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் சரிதான். ஆனால் 2016 ஜூலையில் பாட்னா கோப்பை வாங்கியபோது அதன் கேப்டன் நம் சேரலாதன். அப்போது அவருக்கு 41 வயது. கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிக்கிற வித்தைக்கு மூச்சைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். பாடிப் போகிறவனுக்கு ஒரு வயது, பிடிக்கிறவனுக்கு இன்னொரு வயது. இரண்டு பேருக்கும் ஒரே கோடு போடாதே.

இப்போது இரண்டாவது நோட்டு. உன் ஏழு பையன்களும் அதில்தான் இருக்க வேண்டும்.

இதைச் சின்ன நோட்டு என்று நினைக்காதே. தலைவாஸ் யாரை எடுக்கும் என்று எழுத டில்லியிலும் புனேயிலும் நூறு பேர் இருக்கிறார்கள். வடுவூரில் தை அறுவடை முடிந்த வயலில் மணல் கொட்டிக் கோடு கிழித்து ஆடுகிற பையனைப் பற்றி எழுத அவர்களால் முடியாது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பையன்கள் தங்கம் வாங்கினார்களே, அதில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தான். அவன் அந்த மேடையில் நின்ற பிறகு எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று வருஷம் முன்னால் யார் நோட்டில் அவன் பெயர் இருந்தது? என் நோட்டில் இல்லை. மன்னார்குடி ரோட்டில் எத்தனை தடவை போய் வந்திருக்கிறேன், வடுவூர் ஏரியில் பறவை பார்க்க இறங்கியிருக்கிறேன், ஆட்டம் பார்க்க இறங்கவில்லை.

ஊர் ஆட்டத்தில் புள்ளியை எண்ணாதே. நடுவர் மாமன் முறையாக இருப்பார், எதிரணி பக்கத்துத் தெருவாக இருக்கும். வேறு சிலதைக் குறி. இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பிய பிறகு, மூன்றாவதுக்குப் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்கிற நேரத்தில் அணி யாரை அனுப்புகிறது? கேப்டன் எதுவும் சொல்லாமலே எவன் எழுந்து போகிறான்? எதிரே ஆறு பேர் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு வருகிறவன் நிறைய. மூன்று பேர் மட்டும் நிற்கும்போது, பிடிபட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி என்று தெரிந்தும் உள்ளே இறங்குகிறவன் எவன்? பிடிக்கிறவனில், பக்கத்தில் இருப்பவன் பாய்ந்ததும் தானும் பாய்கிறவனைத் தள்ளிவிடு. அரை நொடி பொறுத்து, ரெய்டர் திரும்புகிற திசையில் போய் நிற்கிறவனை எழுது. அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன் ஆட்டத்தைப் பார்க்கிறானா, அங்கே யாரோடாவது பேசிக்கொண்டிருக்கிறானா என்பதையும் பார்.

மண் ஒன்று, மேட் ஒன்று. நம் களிமண்ணில் குதிகாலை ஊன்றி நிற்கிற பையன் ஷூ போட்டு மேட்டில் ஏறினால் முதல் ஒரு மாதம் வழுக்கிக்கொண்டே இருப்பான். தேர்வுக்குப் போய் அந்த முதல் நாளிலேயே திரும்பி வந்த பையன்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் நேரே, மேட்டில் எத்தனை நாள் ஆடியிருக்கிறான் என்று ஒரு கட்டம் போடு. எடையும் எழுது. ஊர் ஆட்டத்தில் 60 கிலோப் பிரிவில் சிங்கமாக இருக்கிறவனுக்கு எதிரே மும்பையில் எண்பது கிலோ வந்து நிற்கும்.

சேரலாதன் 2024இல் தலைவாஸுக்கே பயிற்சிக் குழுவில் வந்தார். அப்படி நம் பக்கத்து ஆள் ஒருவர் மேஜைக்கருகில் உட்காரும் வருஷம் மறுபடி வரும். அப்போது அவர் கேட்பது, 'இந்தப் பக்கம் யார் இருக்கிறான்?' என்பதாகத்தான் இருக்கும். கேட்கிற அன்றைக்குக் கொடுக்க இரண்டாவது நோட்டு தயாராக இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை ஒரத்தநாட்டுப் பக்கம் ஓர் ஊரில் மின்னொளி ஆட்டம் இருக்கிறது, எட்டு மணி என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். பத்தரைக்கு முன்னால் தொடங்காது. சாப்பிட்டுவிட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, சேர்ந்தே போகலாம். பேனா வேண்டாம், மாசிப் பனியில் தாள் ஈரமாகி மை ஏறாது. பென்சில் இரண்டு கொண்டு வா, எனக்கும் ஒன்று.

அன்புடன்
அண்ணன்