துப்பாக்கி உரிமமும் மனநோயும்

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை அன்று. அரசின் உரிமம் வேண்டும். தாம்பரத்தில் விண்ணப்பித்தாலும் தில்லியில் விண்ணப்பித்தாலும் சட்டம் ஒன்றே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சித்த சுவாதீனமற்றவருக்கு உரிமம் மறுக்கப்பட வேண்டும் என்கிறது. மனமுடைந்தவர் கையில் துப்பாக்கி இருந்தால் பிறரைவிட அவருக்கே ஆபத்து மிகுதி. மனம் மாற அவகாசமே இராது. ஆகவே இக்காவல் தேவையே.

ஆனால், மனநோய்க்கு மருந்து உண்போர் எல்லோரும் சித்த சுவாதீனமற்றவரா? அல்லர். நீதிமன்றம் அறிவித்தாலன்றி, மனநோயை மட்டும் கொண்டு ஒருவரை அப்படிக் கருதலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு.

நோயின் பெயரைக் கேட்டதுமே மறுத்தால், சிகிச்சைக்கு அஞ்சி நோயை மறைப்போர் பெருகுவர், அதுவே பேராபத்து. எனவே நோயின் பெயரைப் பாராது, இன்றைய மனநிலை பற்றிய மருத்துவர் சான்றைப் பார்த்து முடிவு செய்வதே முறை.