முதல் குறும்படம் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

குறும்படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் முதலில் கேட்பது கேமராவைப் பற்றி; அடுத்து பணத்தைப் பற்றி. இரண்டும் பின்னால் வரட்டும். பெரிய தயாரிப்பாளருக்கு நாள் கூடினால் செலவு கூடும். உங்களுக்கு அப்படி இல்லை. ஒத்திகைக்கு வாடகை கிடையாது; கதையைத் திருத்த யாரும் பேட்டா கேட்பதில்லை. ஆகவே படப்பிடிப்புக்கு முந்தைய நாட்களைத் தாராளமாகச் செலவழியுங்கள். படப்பிடிப்பு நாட்களை எண்ணி எண்ணிச் செலவழியுங்கள்.

1. இருப்பதை வைத்துக் கதை பண்ணுங்கள். பாட்டி வீட்டுத் திண்ணை, நண்பனின் ஜெராக்ஸ் கடை, மாமாவின் பழைய டிவிஎஸ் 50 என்று இலவசமாகக் கிடைக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் எடுத்த 'எல் மரியாச்சி' (1992) இப்படித்தான் பிறந்தது. நண்பர்கள் வழியாகக் கிடைத்த பேருந்து, மதுக்கடை, நாய் எல்லாம் அதில் கதைக்குள் வந்தன. மழை, கல்யாணக் கூட்டம், போலீஸ் ஸ்டேஷன் ஆகியவற்றை முதல் படத்தில் எழுதாதீர்கள்.

2. பிறர் கதை என்றால் அனுமதி வாங்குங்கள். நம் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. புதுமைப்பித்தன் கதைகள் அதில் அடக்கம். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் நேரில் போய்க் கேளுங்கள். மாணவர்களுக்கு மனமுவந்து கொடுப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் கடிகாரம் இருக்கட்டும். பாத்திரங்கள் நடக்கும் நேரம், மௌனமாக இருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து எட்டு நிமிடத்துக்குள் அடங்கட்டும். நாக்கு தடுமாறும் வசனத்தை வெட்டுங்கள். முகம் சொல்லிவிடும் என்றால் அந்த வசனமே வேண்டாம்.

4. ஒத்திகைதான் உங்கள் மூலதனம். கிறிஸ்டோபர் நோலன் முதல் படமான 'ஃபாலோயிங்'கை (1998) ஓராண்டுபோலச் சனிக்கிழமைகளில் எடுத்தார். நடித்தவர்கள் மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள். ஃபிலிம் வாங்கக் காசு குறைவு. அதனால் நாடகம்போல ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கிலேயே முடித்தார். உங்கள் போனில் ஃபிலிம் செலவு இல்லை என்பதற்காக இருபது டேக் போகாதீர்கள். நடிகர் களைத்துவிடுவார், வெளிச்சமும் போய்விடும்.

5. ஷாட் பிரித்த தாள் இல்லாமல் லொகேஷனுக்குப் போகாதீர்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து ஷாட் போதும். ஓர் இடத்துக்குரிய எல்லா ஷாட்டையும் அன்றே முடியுங்கள். 'பதேர் பாஞ்சாலி' எடுக்கத் தொடங்கியபோது சத்யஜித் ராய் நாணல் பூத்த வெளியில் ஒரு ஞாயிறு படம்பிடித்தார். அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடுகள் தின்றுவிட்டிருந்தன. மிச்சத்தை எடுக்க அடுத்த பூப்பூக்கும் காலம்வரை காத்திருந்தார். தெருவில் எடுப்பதானால் அங்கிருப்பவர்களிடம் முன்பே பேசுங்கள். ரயில் நிலையத்துக்கு ரயில்வே அனுமதி கட்டாயம்; கிடைக்காவிட்டால் அந்தக் காட்சியை வேறு இடத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

6. வெளிச்சத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். நம் ஊர் உச்சிவெயில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் போடும். வெளிக்காட்சிகளைக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் வையுங்கள். நடுப்பகலில் வீட்டுக்குள் ஜன்னலோரம் எடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பிடித்தால் முகத்தின் இருண்ட பாதி தெளியும். ராயின் 'அபராஜிதோ'வில் (1956) ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா விளக்கொளியை வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பவைத்து, காசி வீட்டு முற்றத்தின் வெளிச்சத்தை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்தார். உங்கள் தெர்மாகோல் செய்வதும் அதே வேலை.

டியூப்லைட் உள்ள அறையில் படம் துடிக்கிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் துடிப்பு நின்றுவிடும். போனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

7. ஒலிக்குக் கஞ்சம் பார்க்காதீர்கள். மங்கலான படத்தைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்காத படத்தை அடுத்த நொடியே நிறுத்திவிடுவார்கள். கேமராவில் உள்ள மைக்கை நம்ப வேண்டாம். சட்டையில் குத்தும் காலர் மைக்கை வாடகைக்கு எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் இன்னொரு போனை ரெக்கார்டராக்கி நடிகர் பைக்குள் வையுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் கேமரா எதிரே கைதட்டுங்கள். எடிட்டில் படத்தையும் ஒலியையும் சேர்க்க அது உதவும். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், அதைத் திரும்பப் போட மறந்து வீட்டுக்குப் போக முடியாது. கிளம்பும் முன் எல்லோரும் பேசாமல் நின்று, அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். வெட்டிய இடங்களில் ஒலி குதிக்காமல் அது நிரப்பும்.

8. சம்பளம் இல்லாவிட்டாலும் சாப்பாடு நேரத்துக்கு வரவேண்டும். 20,000 ரூபாய் இருந்தால் 7,000 சாப்பாட்டுக்கும் டீக்கும், 5,000 ஒலிக்கு, 3,000 பயணத்துக்கு, 2,000 உடைக்கும் பொருளுக்கும் என்று பிரியுங்கள். மிச்சம் 3,000-த்தைத் தொடாமல் வையுங்கள். நண்பன் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனைப் பசியோடு நிறுத்துவது பாவம். அன்று எடுத்ததை அன்றிரவே இரண்டு இடங்களில் காப்பி எடுத்த பிறகுதான் தூங்கப் போகவேண்டும்.

9. எடிட்டில் இரக்கம் வேண்டாம். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே உங்களுக்குத் தாராளம். கஷ்டப்பட்டு எடுத்த ஷாட் என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சினிமாப் பாட்டை எடுத்து ஒட்டாதீர்கள்; இசை படிக்கும் ஒரு தோழியைக் கேளுங்கள். முதல் வெட்டை, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, என்ன புரிந்தது என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் படத்தில் ஏதோ குறைகிறது என்று அர்த்தம்.

10. முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா'வும் (2012), நலன் குமரசாமி 'சூது கவ்வும்' (2013) படமும் எடுத்தார்கள். வாரந்தோறும் படம் கேட்ட அந்த மேடை அவர்களுக்குக் கொடுத்தது கெடு. உங்களுக்கு அந்தக் கெடுவை நீங்களேதான் வைத்துக்கொள்ளவேண்டும். இன்றே திரையிடும் தேதியைக் குறித்து, நண்பர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.