மதுரைக்குப் போய்ப் பறக்கலாமா?

நாரை பறக்காத 48 மடைக் கண்மாய் என்று எங்கள் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குப் பேர். நாரையே மூச்சு வாங்கும் ஊரிலிருந்து இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பறக்கிறார்கள். ஆயுத பூஜை லீவு முடிந்து சென்னைக்குக் கிளம்பிய ஒரு முதலாண்டு மாணவனைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "மதுரை போயி பிளைட்டு சார். ஹாஸ்டல்ல எல்லாரும் அப்படித்தான் போறாய்ங்க" என்றான். அப்பாவும் மிளகாய் விற்ற காசில் டிக்கெட் போட்டுவிட்டாராம். தான் பஸ்ஸில் இடிபட்டது போதும் என்று அவருக்கு.

சென்னைப் பேருந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகு தாங்கினால் போங்கள்.

விமானத்துக்கு வருவோம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஆகாயவழியில் சுமார் 420 கிலோமீட்டர். பறப்பது ஒண்ணேகால் மணி நேரம். எல்லாரையும் மயக்குவது இந்த ஒண்ணேகால்தான். நம் வீட்டு வாசலிலா விமானம் நிற்கிறது? பஸ் மாறி, அவனியாபுரம் பக்கம் உள்ள விமான நிலையம் போய்ச் சேர மூன்று மணி நேரம். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதால் இரண்டு மணி நேரம் முந்திப் போகவேண்டும். சென்னை மீனம்பாக்கத்தில் பெட்டிக்குக் காத்து, மெட்ரோ பிடித்து, விடுதி சேர இன்னும் ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஆகிறது. அதுவும் கண் விழித்த எட்டு மணி நேரம்.

இன்னொன்றும் உண்டு. மதுரை நமக்கு மேற்கே, சென்னையோ வடக்கே. நூறு கிலோமீட்டர் போயும் சென்னை ஒரு கிலோமீட்டர்கூடக் கிட்ட வந்திருக்காது. திருச்சியில் 2024-இல் திறந்த புது முனையம் பளபளக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே போவதற்குள் சென்னைப் பாதையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடும். அப்புறம் எதற்கு இறங்குவது?

சுமையையும் பாருங்கள். விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டி, கையில் 7 கிலோ. அம்மா அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ரயிலில் படுக்கை வகுப்புக்கே 40 கிலோ.

நானும் ஒருமுறை வேலைக்கான நேர்காணலுக்குக் காலை விமானத்தை நம்பிப் போனேன். இரண்டரை மணி நேரத் தாமதம். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் எனக்கு ராமநாதபுரத்தில் இரவு ஏறும் சேது எக்ஸ்பிரஸ்தான். படுத்தால் மானாமதுரை தெரியாது. விழித்தால் சென்னை நெருங்கியிருக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை, உடனே வரவேண்டும் என்றால் பறந்து வாருங்கள். அப்போது கணக்குப் பார்க்கக் கூடாது.

ரயிலுக்கு வேண்டியது முன்யோசனை. முன்பு 120 நாளாக இருந்த முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள். அதற்குள் உட்கார்ந்து பதிய நம் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. எல்லாரும் போகிறார்கள் என்று விமானம் ஏறுவது போலத்தான் படிப்பையும் எடுக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் பார்த்த அந்தப் பையன் பம்புசெட் மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிற கைக்காரன். ஊரே கம்ப்யூட்டர் என்றதும் அதில் சேர்ந்துவிட்டான். தம்பிகளே, உங்கள் கை எதில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்துப் படுக்கைக்காரனின் கை ஓடுவது அவனுக்கு.

மதுரை பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிக் கேட்டான்: "தீபாவளிக்கு வர சேதுல டிக்கெட் கிடைக்குமா சார்?" இன்னும் இருபது நாள்கூட இல்லை.