யூவி விளக்கு மாட்டப் போகிறீர்களா? கண் பத்திரம்!

காற்றில் உள்ள கிருமியைக் கொல்ல க்ளினிக், டியூஷன் அறை, ஏசி ஹால் என்று யூவி-சி விளக்கு மாட்டுகிறார்கள். மாட்டுமுன் இதைப் படியுங்கள்.

1. திறந்த குழல் விளக்கை அறையில் யாரும் இல்லாதபோது மட்டும் போடுங்கள். பூனை, நாய்கூட வேண்டாம். சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கட்டும். கதிர் பட்டவுடன் ஒன்றும் தெரியாது; சில மணி நேரம் கழித்துத்தான் மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தும், சிவக்கும், நீர் கொட்டும்.

2. ஆட்கள் இருக்கும்போதே எரிய வேண்டுமா? தடுப்புத் தகடு உள்ள விளக்கை 7 அடிக்கு மேல், விவரம் தெரிந்தவரை வைத்துப் பொருத்துங்கள். கதிர் தலைக்கு மேலேயே நிற்கும். ஃபேன் ஓடட்டும், கீழ்க்காற்று மேலே போனால்தான் பலன்.

3. 254 நானோமீட்டர், ‘ஓசோன் வராது’ என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். 185-ம் சேர்ந்து வந்தால் ஓசோன் உண்டாகி இருமல் வரும்.

4. அணைத்து, சூடு ஆறியபின் குழலைத் துடையுங்கள். தூசி கதிரை மறைக்கும்.

5. நீல வெளிச்சத்தை நம்பாதீர்கள். கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் போட்ட மணிக்கணக்கு முடிந்ததும் குழலை மாற்றுங்கள்.

6. கிருமி போகட்டும் என்று கையை விளக்கில் காட்டாதீர்கள். தோல் வெந்துபோகும், அதற்குத்தான் சோப்பு இருக்கிறதே!

காற்றோட்டமான ஜன்னல் உள்ள வீட்டுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.