உப்பில் ஒளிந்திருக்கும் உலோகம்

நம் திருவேட்டக்குடிக் கடலில் சோடியத்திற்குப் பஞ்சமில்லை. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு. நீரில் இவ்வளவு சாதுவாகக் கரைந்து கிடக்கும் சோடியம், தனி உலோகமாக இருக்கும்போது மட்டும் தண்ணீரைக் கண்டதும் சீறிப் பாய்வானேன்?

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள் உள்ளன. 2, 8, 1 என்பது அவற்றின் அமைப்பு. வெளிக்கூட்டில் தனித்திருக்கும் அந்த ஒன்றைக் கொடுத்துவிடவே அது துடிக்கிறது. உப்பிலுள்ள சோடியம் அதை முன்பே குளோரினுக்கு ஈந்துவிட்டது. இனிக் கொடுக்க ஒன்றுமில்லை, ஆகவே அமைதி. உலோகமோ அதைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஹைட்ரஜன் வெளியேறுகிறது, எரிசோடா உண்டாகிறது. அவ்வெப்பத்தில் சோடியம் உருகி, உருண்டையாகி, நீர்மேல் ஓடுகிறது. துண்டு பெரிதானால் ஹைட்ரஜன் தீப்பற்றி வெடிக்கும். பொட்டாசியத்தில் அந்த எலக்ட்ரான் இன்னும் தொலைவில் இருப்பதால் அது உடனே ஊதாநிறச் சுடருடன் எரிகிறது.

கொடுத்த எலக்ட்ரானைத் திரும்பப் பெறச் செய்வது எளிதன்று. கரியிட்ட உலையில் இரும்பைப் பிரித்த நம் முன்னோர்க்கும் சோடியம் அகப்படவில்லை. 1807இல் சர் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தித்தான் முதலில் பொட்டாசியத்தையும், சில நாட்களில் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். இவ்விரண்டையும் மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துக் காப்பர். லித்தியம் அதிலும் மிதக்கும், வேடிக்கையான உலோகம்!

இத்தகைய சோடியத்தை இதே கடற்கரையில், வடக்கே கல்பாக்கத்தில் டன் கணக்கில் பயன்படுத்துகிறார்கள். அங்கே 1985 அக்டோபர் 18ஆம் நாள் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையின் வெப்பத்தை ஏந்திச் செல்வது திரவ சோடியமே. தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்துவிடும். ஈனுலைக்கு அது ஆகாது. சோடியம் 98 டிகிரி செல்சியசில் உருகி 883 டிகிரியில்தான் கொதிப்பதால் மிகுந்த அழுத்தமும் வேண்டியதில்லை.

ஆனால் நீராவி உண்டாக்கத் தண்ணீர் வேண்டுமே! உலைக்குள் சென்று கதிரியக்கம் பெற்ற சோடியம், தன் வெப்பத்தை வேறொரு குழாய்ச் சுற்றிலுள்ள சோடியத்திடம் ஒப்படைக்கிறது. இரண்டாவதே தண்ணீரை நெருங்கும். இடையில் ஓர் உலோகக் குழாயின் சுவர் மட்டுமே! அதில் ஊசித்துளை விழுந்தாலும் ஹைட்ரஜன் தோன்றும். அதை மோப்பம் பிடிக்கும் கருவிகள் எச்சரிக்கும். சோடியத்தின் மேற்பரப்பைக் காற்றுத் தொடாதபடி ஆர்கான் வாயு காக்கிறது.

1995 டிசம்பரில் ஜப்பானின் மொஞ்சு உலையில் சோடியம் கசிந்து காற்றிலேயே எரிந்தது. இந்தத் தீயைத் தண்ணீர் வளர்க்கும். கார்பன் டைஆக்சைடும் அணைக்காது. தொழிற்கூடங்களில் இதற்கென உலர்தூள் உண்டு. பள்ளிப் பரிசோதனைச்சாலையில் மணல்வாளி போதும். ஆனால் கடற்கரையிலிருந்து அள்ளி வந்த ஈரமணல் உதவாது; நன்றாகக் காய்ந்த மணலாக இருக்க வேண்டும்.