அளவு மீறிய அரண்

நுழையும்முன்

பகையைத் தடுக்க எழுப்பப்படுவது அரண். அவ்வரணே உள்ளிருப்போரைத் தாக்கத் தொடங்கினால் என்னாகும்? நம் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் அவ்வாறு திசைமாற, ஒரே ஒரு மரபணுவின் மிகைச் செயற்பாடு போதுமென்பதைச் சுண்டெலிகள் வாயிலாக அறிவியல் கண்டறிந்துள்ளது. அக்கண்டுபிடிப்பின் வேரோ, நாமக்கல் மக்கள் நன்கறிந்த கோழியில் இருக்கிறது.

கோழி தந்த விடை

சேலம், நாமக்கல் சமவெளியில் கோழிப்பண்ணை நடத்துவோர் அஞ்சும் நோய்களுள் ஒன்று கம்போரோ. இந்நோயின் வைரஸ், இளங்குஞ்சுகளின் கழிவுத்துளைக்கு அருகேயுள்ள ஃபேப்ரிசியஸ் பை என்னும் சிற்றுறுப்பைச் சிதைக்கிறது. பிழைத்த குஞ்சுகளும் பின்னர்ப் பிற நோய்களுக்கு எளிதில் இரையாகின்றன. அவற்றுக்குப் போடும் தடுப்பூசிகளும் முழுப்பயன் தருவதில்லை. ஏன்?

இதற்கான விடை தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த புரூஸ் கிளிக், இப்பையின் பணியை அறியும்பொருட்டுச் சில கோழிகளிலிருந்து அதனை அகற்றியிருந்தார். எதிர்ப்பொருள் உருவாவதை மாணவர்க்குக் காட்ட விரும்பிய டிமோதி சாங் அக்கோழிகளைக் கேட்டுப் பெற்றார். பை நீக்கப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் சரிவர உருவாகவில்லை. பெரிய அறிவியல் இதழொன்று ஏற்க மறுத்த இவ்வாய்வை, 1956ஆம் ஆண்டில் கோழியியல் இதழொன்று வெளியிட்டது. எதிர்ப்பொருளைச் சுரக்கும் வெள்ளணுக்கள் ‘பி செல்கள்’ எனப்படுகின்றன. அப்பெயரின் முதலெழுத்து, ‘பர்சா’ எனப்படும் இப்பையிலிருந்தே வந்தது. மனிதருக்கு இப்பை இல்லை. எலும்பு மச்சையே அவற்றை உருவாக்குகிறது.

குறைந்தால் இடர், மிகுந்தால்?

பி செல்கள் குறைந்தால் உடல் காவலிழக்கும். அவை மிகுந்தால் நன்மைதானே எனத் தோன்றலாம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் பழமொழி இங்கும் பொருந்துகிறது.

பி செல்கள் உயிர்வாழ ‘பேஃப்’ என்னும் புரதம் தேவை. உடலின் சொந்தப் பொருள்களையே பகையெனக் கருதும் பி செல்களும் இயல்பாகத் தோன்றுவதுண்டு. அவற்றுள் பல, பேஃப் அளவோடு சுரக்கும்போது போட்டியில் தோற்று மடிகின்றன. மரவள்ளித் தோட்டத்திற்கு அளந்து பாய்ச்சும் நீர் பயிரைக் காக்கும். மிகுதியாகப் பாய்ச்சினால் களையும் தழைக்கும்.

1999ஆம் ஆண்டில் ஃபேபியன் மக்கேயும் அவருடைய குழுவினரும், பேஃப் மரபணு மிகையாகச் செயற்படும் சுண்டெலிகளை உருவாக்கி ஆய்ந்தனர். அவ்வெலிகளில் பி செல்கள் பெருகின. மடியவேண்டியவையும் பிழைத்தன. உடலின் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்கள் தோன்றின. மனிதரைத் தாக்கும் லூபஸ் என்னும் சுயதடைகாப்பு நோயை இந்நிலை ஒத்திருந்தது.

வடிகட்டியில் ஒரு போர்

சிறுநீரகம் ஏன் பாதிக்கப்படுகிறது? நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. பிழையான எதிர்ப்பொருள்கள் தம் இலக்கோடு பிணைந்து கூட்டுப்பொருள்களாகி, நுண்ணிய இரத்தக்குழல் முடிச்சுகளாகிய வடிகட்டிகளில் படிகின்றன. பகை வந்ததென எண்ணி அழற்சிச் செல்கள் அங்கே திரள்கின்றன. வடிகட்டி சிதைகிறது, இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசிகிறது.

தெரிந்து தெளிவோம்

> பி.எக்ஸ்.எஸ்.பி. என்னும் சுண்டெலி வகையில் ஆண் எலிகளே சிறுநீரக அழற்சிக்கு விரைவில் ஆளாயின. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு ஒய் குரோமோசோமுக்கு இடம்பெயர்ந்ததால், வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணரும் டி.எல்.ஆர்.7 மரபணு அவற்றில் இரட்டிப்பாகியிருந்தது. இவ்வுண்மை 2006இல் வெளிப்பட்டது.

எலியிலிருந்து மனிதருக்கு

எலி மனிதரன்று. மனிதரின் லூபஸ் நோய்க்குப் பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்தே காரணமாகின்றன. எனினும், எலி காட்டிய வழி வீண்போகவில்லை. பேஃப் புரதத்தைத் தடுக்கும் பெலிமுமாப் என்னும் மருந்து, அமெரிக்காவில் 2011இல் லூபஸ் நோய்க்கும் 2020இல் அந்நோயால் விளையும் சிறுநீரக அழற்சிக்கும் ஒப்புதல் பெற்றது. அது நோயை முற்றிலும் நீக்குவதில்லை. பிற மருந்துகளோடு சேர்ந்து கட்டுப்படுத்த உதவுகிறது. எதிர்ப்பாற்றலை மிகையாக அடக்கினால் தொற்று நுழையும் என்பதால், மருத்துவத்திலும் அளவே முதன்மை பெறுகிறது.

லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். உங்களையொத்த இளம்வயதினரும் அவர்களுள் உண்டு. முக வீக்கம், நுரைத்த சிறுநீர், விடாத மூட்டுவலி ஆகியவற்றைக் களைப்பென்று ஒதுக்கிவிடலாகாது. சிறுநீரில் புரதம் உள்ளதா எனக் காணும் எளிய சோதனை, உரிய காலத்தில் செய்யப்பட்டால் ஒரு சிறுநீரகத்தைக் காக்கக்கூடும்.

பண்ணைக்கோழியின் சிறுபையில் தொடங்கிய கேள்வி, ஆய்வக எலியின் வழியே மருத்துவமனைப் படுக்கையை எட்டியிருக்கிறது. அரணின் சிறப்பு அதன் உயரத்தில் மட்டும் இல்லை. தன்னவர் யார், பகைவர் யார் எனத் தெளிவதிலும் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. கம்போரோ நோயுற்ற கோழியையும் பேஃப் மிகுந்த எலியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. ‘அளவே மருந்து’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம், கோழிகளுக்குப் போடப்படும் தடுப்பூசிகள் குறித்துக் கேட்டறிந்து தொகுக்க.