படிப்பு விசாவிலிருந்து வேலை விசாவுக்கு: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

 

சென்ற ஆண்டு ஷவ்வால் மாதம், இஷா தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகன் பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தார். படிப்பில் பாதிதான் முடிந்திருந்தது. "வாப்பா, இங்கே ஒரு ஏஜெண்ட் இருக்கிறார். 12 லட்சம் கொடுத்தால் முதியோர் இல்லம் ஒன்றில் ஸ்பான்சர் சான்று வாங்கித் தருவார். படிப்பை விட்டுவிட்டு உடனே வேலை விசாவுக்கு மாறிவிடலாம்" என்று மகன் போனில் சொல்லியிருக்கிறார். உம்மாவின் நகை ஏற்கெனவே கல்லூரிக் கட்டணத்துக்காக அடகில் இருந்தது. நம்மிடம் கர்ழ் ஹஸனாவாக 5 லட்சம் கேட்டார்.

நாங்கள் தரவில்லை. அவருக்கு வருத்தம்தான். "வட்டிக்கு வாங்கும் நிலைக்கு என்னைத் தள்ளுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் எங்களைப் பல நாள் உறங்க விடவில்லை. ஏன் மறுத்தோம் என்பதை அவருக்குச் சொன்னதுபோல் உங்களுக்கும் சொல்லவே இந்தப் பாடம். பிள்ளையை பிரிட்டனுக்கு அனுப்பியவர்களும், அனுப்ப நினைப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

1. படிப்பு முடியாமல் மாற முடியாது

2023 ஜூலை 17 முதல் பிரிட்டனில் இது சட்டம். மாணவர் விசாவில் இருப்பவர் தம் படிப்பை முடிக்காமல் அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாற இயலாது. முனைவர் பட்டம் படிப்பவர் மட்டும் 24 மாதங்கள் படித்த பிறகு மாறலாம். ஆகவே, எம்.எஸ்ஸி. பாதியில் இருக்கும் பிள்ளையிடம் "உடனே மாற்றித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த முதல் வாக்கியமே பொய். நாங்கள் மறுத்ததற்கு இதுவே முதல் காரணம்.

2. இடைப்பட்ட வழி: கிராஜுவேட் விசா

பட்டம் முடித்தவருக்கு ஸ்பான்சர் இல்லாமலே கிடைப்பது கிராஜுவேட் விசா. இப்போது 2 ஆண்டுகள். முனைவர் பட்டம் பெற்றவருக்கு 3 ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த 2 ஆண்டு 18 மாதமாகக் குறைகிறது. இதற்கு மூன்று நிபந்தனைகளை மறக்கக் கூடாது. பிரிட்டனுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் விசா முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை தேர்ச்சி பெற்றதைப் பல்கலைக்கழகம் அந்நாட்டு உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

விண்ணப்பித்துவிட்டு முடிவு வரும் முன் ஊருக்குப் புறப்பட்டால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள். தங்கை நிக்காஹ், பெருநாள் என்று அந்த நேரத்தில் பிள்ளையை அழைக்காதீர்கள்.

3. வேலை விசா: சம்பளமும் வேண்டும், வேலையின் தரமும் வேண்டும்

ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் ஸ்பான்சராக வேண்டும். 2025 ஜூலை 22 முதல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 41,700 பவுண்ட்; அந்தத் தொழிலுக்கென்று வகுத்த சம்பளம் அதைவிட அதிகமென்றால் அதுவே கணக்கு. மாணவர் விசாவிலிருந்தோ கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறுபவருக்குப் புதியவர் என்ற சலுகை உண்டு. அவருக்கு 33,400 பவுண்ட், அல்லது அந்தத் தொழிலுக்குரிய சம்பளத்தில் 70 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. இந்தச் சலுகை கிராஜுவேட் விசாவில் கழித்த காலத்தையும் சேர்த்து மொத்தம் 4 ஆண்டுகளுக்குத்தான்.

அதே நாளிலிருந்து வேலையின் தரமும் உயர்த்தப்பட்டது. பொதுவாகப் பட்டப்படிப்பு நிலையிலான வேலைகளுக்கே இப்போது ஸ்பான்சர் செய்ய முடியும். கடை, கிடங்கு, ஓட்டல் வேலைகளில் எவ்வளவு உழைத்தாலும் அது வேலை விசாவாக மாறாது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் அன்றே நின்றுவிட்டது.

4. சான்றுக்கு விலை இல்லை

ஸ்பான்சர் சான்று என்பது ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான ஊழியருக்கு வழங்குவது. வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்கான இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை நிறுவனமே கட்ட வேண்டும்; ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது. உரிமக் கட்டணத்தையும் சான்றுக் கட்டணத்தையும் ஸ்கில்டு ஒர்க்கர்களிடம் வாங்கக் கூடாதென 2024 இறுதியிலிருந்து விதி இருக்கிறது. ஊழியர் தம் கையிலிருந்து கட்ட வேண்டியது விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்ட் மருத்துவக் கட்டணமும்தான்.

நிறுவனத்தின் பெயர் அரசு வெளியிடும் உரிமப் பட்டியலில் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பெயர் இருப்பது மட்டும் போதாது. உண்மையில் வேலை இருக்க வேண்டும். சொன்ன சம்பளம் வர வேண்டும். நிறுவனத்தின் உரிமம் ரத்தானால், ஊழியருக்குப் பொதுவாக 60 நாட்கள்தான் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். பொய்யான ஆவணம் தந்தது தெரிந்தால் 10 ஆண்டுவரை நுழையத் தடை வரலாம். 12 லட்சம் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

5. படிக்கும் காலத்து ஒழுங்கு

பட்டப்படிப்பு மாணவர் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சொந்தத் தொழில் கூடாது. செயலி மூலம் உணவு கொண்டுபோய்க் கொடுப்பதும் இதில் அடங்கும். பிறர் பெயரில் உள்ள கணக்கில் ஓட்டுவதும், கையில் பணமாக வாங்கிக்கொண்டு கூடுதல் நேரம் உழைப்பதும் பின்னாளில் விசா மாற்றும்போது எதிரே வந்து நிற்கும்.

விசா வாங்கும்போது நாம் அந்நாட்டுடன் ஓர் உடன்படிக்கை செய்கிறோம். குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயம் முஃமின்களை அழைத்து, ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையுடன்தான் தொடங்குகிறது. அந்த ஒப்பந்தம் யாருடன் என்று பார்த்து நாம் அதை இலேசாக்கிவிட முடியாது.

6. நிக்காஹ் பேசுவோர் கவனத்துக்கு

2024 ஜனவரி முதல் தொடங்கிய படிப்புகளில், முனைவர் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்பு அல்லாதவற்றுக்கு மனைவியை அழைத்துச் செல்ல அனுமதி இல்லை. கிராஜுவேட் விசாவிலும் புதிதாக அழைக்க முடியாது. "மாப்பிள்ளை லண்டனில் இருக்கிறார், மூன்று மாதத்தில் பெண்ணை அழைத்துக்கொள்வார்" என்று யாரும் சொன்னால், எந்த விசா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பெண்ணின் வாழ்க்கை அமானத்.

அந்தப் பிள்ளை என்ன ஆனார்?

நாங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "பணம் கொடுக்கும் முன், உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆலோசகரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை." அவர் போனார். முதல் பாடத்தில் நாங்கள் எழுதியதையே அங்கும் சொன்னார்கள். ஏஜெண்டை விட்டார், படிப்பை முடித்தார், தேர்ச்சியும் பெற்றார். அல்ஹம்துலில்லாஹ்.

கிராஜுவேட் விசாவுக்கு 880 பவுண்ட் கட்டணமும், 2 ஆண்டுக்கு 2,070 பவுண்ட் மருத்துவக் கட்டணமும் தேவைப்பட்டன. நம் பணத்தில் மூன்றரை லட்சத்தை ஒட்டி வந்தது. அதில் 2 லட்சத்தை நமது அறக்கட்டளை கர்ழ் ஹஸனாவாகக் கொடுத்தது. அவருடைய வாப்பாதான் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

எல்லாம் நிறைவாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஸ்பான்சர் தரும் வேலை கிடைக்கவில்லை. பகலில் கிடங்கு வேலை, இரவில் விண்ணப்பம் என்று இருக்கிறார். 2027 இறுதிவரை அவருக்கு நேரம் இருக்கிறது. கடன் தவணை மாதம் தவறாமல் வருகிறது. கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் பட்டத்துடனும், கறையில்லாத பாஸ்போர்ட்டுடனும் ஊர் திரும்புவார். அப்படித் திரும்பி வரும் பிள்ளையை "என்ன, வந்துவிட்டாயா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்காதிருப்பது மஹல்லாவாகிய நம் கடமை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் ஏஜெண்டிடம் போகிறார்கள்.

இனி வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் கேட்டு வருவோர், படிப்புக் கட்டணத்தோடு கிராஜுவேட் விசாச் செலவையும் முதலிலேயே கணக்கிட்டு எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டன் அரசின் இணையப் பக்கத்தில் மறுபடி சரிபாருங்கள். ஸ்பான்சர் சான்றுக்குப் பணம் என்று யார் கேட்டாலும், கொடுக்கும் முன் ஒருமுறை நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உள்ளதை உள்ளபடி சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கைத் தருவானாக. எந்த ஊரில் இருந்தாலும் அவர்களுடைய ஈமானையும் நற்பெயரையும் காப்பானாக. ஆமீன்.

செயலாளர்